காற்றாடி கியர்பெட்டிக்கு எந்தப் படலம்: பி.இசட்.டி.யா, துத்தநாக ஆக்சைடா?

அக்கா மகன் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். பணகுடிப் பக்கத்துக் காற்றாடிகளின் கியர்பெட்டியில் ஒட்டி, அதிர்வை மின்சைகையாக மாற்றும் மெல்லிய படலம் ஒன்று செய்யவேண்டும். அதுதான் அவனுடைய புராஜெக்ட். "எதுக்கு மாமா யோசிக்கணும்? பி.இசட்.டி. பக்கத்துல துத்தநாக ஆக்சைடு நிக்கவே முடியாது" என்றான்.

எண்ணைப் பார்த்தால் அப்படித்தான். கட்டியாக இருக்கும் பொருளில், ஒரு நியூட்டன் விசைக்குத் துத்தநாக ஆக்சைடு சுமார் 12 பிக்கோகூலும் மின்னூட்டம் தரும். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பி.இசட்.டி. வகைக்கேற்ப 200 முதல் 600 வரை தரும். அடுப்பு பற்றவைக்கிற கேஸ் லைட்டருக்குள் இருப்பதும் இந்தக் குடும்பம்தான்.

இவ்வளவு வித்தியாசம் அணுக்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தில் வருகிறது. பி.இசட்.டி.யில் ஆக்சிஜன் கூண்டுக்கு நடுவே இருக்கும் அணு, சரியாக மையத்தில் நிற்காமல் ஒதுங்கி நிற்கும். டைட்டானியம் கூடினால் கூண்டின் மூலையை நோக்கி ஒதுங்கும், சிர்கோனியம் கூடினால் முகத்தை நோக்கி. சிர்கோனியம் 52க்கு டைட்டானியம் 48 என்ற கலவைக்கு அருகே இரண்டும் கிட்டத்தட்ட சமம். நெல்லையப்பர் கோயில் ஆனித்தேர் ரதவீதி முக்கில் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தெருவும் இல்லை, அந்தத் தெருவும் இல்லை, ஒரு முட்டுக்கட்டையை மாற்றிப் போட்டாலே திரும்பிவிடும். அந்த இடத்தில் லேசான அழுத்தமே அணுவைத் திருப்பிவிடுவதால் மின்னூட்டம் கொட்டுகிறது.

துத்தநாக ஆக்சைடு நேர்த்தெருவில் போகிற தேர். ஒவ்வொரு துத்தநாக அணுவைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன். இப்படி அமைந்த நாலு முகக் கூண்டுகள் (நான்முகிகள்) எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. பிணைப்பு விறைப்பு, அழுத்தினால் கோணம் கொஞ்சம்தான் மாறும்.

சரி, துத்தநாக ஆக்சைடில் மக்னீசியம் கலந்தால்? கலப்பு என்றாலே திறன் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தனி மக்னீசியம் ஆக்சைடு உப்புக்கல் அமைப்பு. ஆறு அண்டை அணுக்கள், முழுச் சமச்சீர், அழுத்தினால் மின்னூட்டம் தருகிற பீசோ விளைவே கிடையாது. சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை மக்னீசியம் துத்தநாகத்தின் அமைப்பிலேயே அடங்கிப்போகும். படலத்தின் மேற்பரப்பில் ஒலி அலையை ஓடவிடும் சாதனங்களில் அளந்தபோது ஒலிவேகம் கூடியது, மின்-இயந்திர இணைப்போ (அதிர்வும் மின்சாரமும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும் திறன்) குறைந்தது! ஆனால் துத்தநாக ஆக்சைடின் அதே அமைப்புள்ள அலுமினியம் நைட்ரைடில் 43 சதவீதம் ஸ்கேண்டியம் கலந்தபோது (2009) விளைவு ஐந்து மடங்கு ஆனது. ஸ்கேண்டியம் நான்கு அண்டைகளோடு அடங்கியிருக்காது. அதன் இழுபறியில் படிகமே நெகிழ்ந்துவிடும்.

மக்னீசியத்தின் நன்மை வேறு. பட்டை இடைவெளி (எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தேவையான ஆற்றல்) அகலமாகி மின்கசிவு குறைகிறது. 2021இல் மக்னீசியம் கலந்த படலத்தில் மின்முனைவை (படிகத்துக்குள் நேர்-எதிர் மின்னூட்டம் பிரிந்து நிற்கும் திசையை) மின்புலத்தால் திருப்பியே காட்டிவிட்டார்கள். தூய துத்தநாக ஆக்சைடில் நடக்காதென்று இருந்த காரியம்.

இனி ஆய்வகக் கஷ்டம். பி.இசட்.டி. படலம் படிகமாக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதில் ஈயம் ஆவியாகும் என்பதால் முன்கூட்டியே கூடுதலாகப் போடவேண்டும். ஏற்கெனவே எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் ஈயம்தான். போதாததற்கு, படலம் ஒட்டியிருக்கும் அடித்தளம் அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால் கட்டியில் கிடைத்த எண் படலத்தில் கிடைக்காது. துத்தநாக ஆக்சைடைக் குறைந்த சூட்டில் அலுமினியத் தகட்டிலேயே படியவைக்கலாம். ஆனால் வளரும்போதே படிகங்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்கவேண்டும். பி.இசட்.டி. போலப் பிறகு மின்புலம் கொடுத்துத் திருத்துவது சுலபமில்லை.

அவன் கவனிக்காத எண் ஒன்று உண்டு. மின்காப்பு மாறிலி (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனின் அளவு) துத்தநாக ஆக்சைடுக்குச் சுமார் 10, பி.இசட்.டி.க்கு ஆயிரத்துக்கு மேல். மின்னழுத்தக் கணக்கு போட்டால், ஒரே தடிமனில் ஒரே அழுத்தத்துக்குத் துத்தநாக ஆக்சைடு ஏறக்குறைய ஐந்து மடங்கு வோல்ட் தரும். இதில் பொறியும் உண்டு: படலத்தின் மின்தேக்குதிறன் சிறியது, நீளமான கேபிள் போட்டால் அந்த ஆதாயம் கேபிளிலேயே போய்விடும். பெருக்கி பக்கத்திலேயே இருக்கவேண்டும். மெதுவாக மாறும் சைகையும் கசிந்துவிடும். இறக்கையின் வளைவை அளப்பதானால் நானும் பி.இசட்.டி. பக்கம்தான் போவேன்.

கியர் பல்லின் அதிர்வு வேகமானது, கசிய நேரமிருக்காது. மக்னீசியம் கொஞ்சம் சேர்த்த துத்தநாக ஆக்சைடே போதும் என்றேன். ஆடிக்காற்று ஓய்வதற்குள் முதல் தகடு தேறவேண்டுமே என்ற கவலை இப்போது அவனுக்கு.