60 டாலருக்கு ஒரு ‘மாஸ்டர் டேப்’: கிரேட்ஃபுல் டெட் கேட்பவர்கள் கவனிக்க

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவைக் கேட்கிற ஆட்கள் நம்மில் அதிகம் இல்லை. இருக்கிற கொஞ்சப் பேராவது இதைப் படித்துவிடுங்கள். “1977 மே 8, கார்னல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால். ஆடியன்ஸ் டேப். முதல் தலைமுறை கேசட்டிலிருந்து எடுத்தது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். வெளியே யாரிடமும் கிடையாது” என்று ஒருவர் தனிச்செய்தியில் வந்து பென்டிரைவ் விற்கிறார். ஆடியன்ஸ் டேப் என்றால் ரசிகர் கூட்டத்திலிருந்து எடுத்தது; முதல் தலைமுறை என்றால் மூல டேப்பிலிருந்து நேராக எடுத்த பிரதி. விலை 60 டாலர். வாங்கினேன். வந்தது குப்பை.

அந்தக் கச்சேரிக்குச் சவுண்ட்போர்டு பதிவு, அதாவது ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேராக எடுத்தது, இருக்கும்போது ஆடியன்ஸ் டேப் எதற்கு என்று கேட்பீர்கள். குழுவோடு இருந்த பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த அந்தப் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே இருக்கிறது. 2017இல் அதிகாரபூர்வமாகவும் வெளிவந்தது. சுத்தமான ஒலி, மறுப்பில்லை. ஆனால் அதில் ஹால் இல்லை. கூட்டத்துக்குள் மைக்கை உயர்த்திப் பிடித்து எடுத்த டேப்பில்தான் கூரையில் முட்டித் திரும்பும் டிரம்ஸும், பக்கத்தில் நின்றவனின் கூச்சலும், பாட்டு எதுவென்று பிடிபட்டதும் கூட்டம் போடும் சத்தமும் கிடைக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அந்த இரைச்சல்தான் சுகம். விற்பவருக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பென்டிரைவில் ஒலித்தரம் இழக்காமல் சேமிக்கும் ஃப்ளாக் கோப்புகள் இருந்தன, அளவும் பெரிதுதான். ஹெட்போனில் கேட்டதுமே சிம்பல் ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். எல்லாப் பாட்டிலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஒரே நேர்கோட்டில் நின்றுவிடுகிறது. பழைய கேசட்டிலும் மேல் ஸ்தாயி குறையும்தான், ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், மேலே டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் லேசாகப் பரவியிருக்கும். இப்படி நேராக வெட்டுப்படுவது குறைந்த தரத்தில் சுருக்கிய எம்பி3யின் அடையாளம். எங்கிருந்தோ எடுத்த எம்பி3யை 24 பிட் ஃப்ளாக்காக ஊதிப் பெருக்கி, மேலே இரைச்சல் நீக்கும் வடிகட்டி ஒன்றையும் போட்டிருக்கிறார். ஒருமுறை எம்பி3யில் போன ஒலி எத்தனை பிட்டாக மாற்றினாலும் திரும்பாது.

சரி, டேப்பாவது அரிதானதா? இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் இதே கச்சேரிக்கு உள்ள ஆடியன்ஸ் பதிவோடு வைத்துப் பார்த்தேன். கேசட்டைத் திருப்பிப் போடும்போது விழும் வெட்டு, மைக்குக்கு அருகில் கத்துபவரின் குரல், எல்லாம் அதே இடத்தில். அதே டேப்தான். வேடிக்கை என்னவென்றால், 2005இலிருந்து அங்கே டெட் சவுண்ட்போர்டு பதிவுகளைக் கேட்க மட்டுமே முடியும். ஆடியன்ஸ் டேப்களை இன்றைக்கும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

இந்த டேப்கள் விற்பதற்காக எடுக்கப்பட்டவையே அல்ல. ரசிகர்கள் பதிவு செய்வதைக் குழுவே அனுமதித்தது. 1984 அக்டோபரிலிருந்து சவுண்ட்போர்டுக்குப் பின்னால் டேப் எடுப்பவர்களுக்கென்றே தனி டிக்கெட்டும் விற்றது. கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், காசு மட்டும் வாங்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. வெற்றுக் கேசட்டும் திரும்பிவர ஸ்டாம்பும் வைத்து அனுப்பினால், முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பிரதி எடுத்து அனுப்புவார். அப்படிக் கைமாறி வந்த ஒன்றைத்தான் இந்த ஆள் கெடுத்து விற்கிறார். பணத்தைவிட எனக்கு எரிச்சல் இதில்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது” என்றார். பென்டிரைவ் தபாலில் வந்ததே என்றதற்குப் பதிலே இல்லை. எந்த மைக், எந்த டேப் ரெக்கார்டர், எத்தனையாவது பிரதி, யார் கணினிக்கு மாற்றியது என்று கேட்டபோது “அது சேகரிப்பாளர் ரகசியம்” என்றார். டேப் பரிமாறுபவர்கள் இந்த விவரத்தையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற எம்டி5 எண்களோடு கூடவே வைப்பார்கள்; யாராவது நடுவில் கைவைத்தால் எண் பொருந்தாது. அந்தக் கோப்பு இல்லாமல் வருகிற எதையும் தொடாதீர்கள். கேட்டும் தரவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, இணையத்தில் பணம் அனுப்பும் சேவையில் ‘நண்பர், குடும்பத்தினர்’ வகையில்தான் அனுப்பச் சொல்வார், கட்டணம் மிச்சமாகுமாம். அந்த வகையில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. என் புகார் அந்தக் காரணத்தாலேயே தள்ளுபடியானது.

இப்போது வேறொரு பெயரில் 1972 ஆகஸ்ட் 27, ஓரிகனில் வெனீட்டாவில் நடந்த கச்சேரியை ‘இதுவரை வெளிவராதது’ என்று 80 டாலருக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கச்சேரி 2013இலேயே படத்தோடு சேர்த்து அதிகாரபூர்வமாக வெளிவந்துவிட்டது.