ஃபைப்ரோமயால்ஜியா: கைரோபிராக்டரா, உடற்பயிற்சியா, மாத்திரையா?

கழுத்தைப் பிடித்துச் சடாரென்று திருப்பி, 'மடக்'கென்று சத்தம் வரவைத்து, படுத்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்காரும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே அசைத்துச் சிகிச்சை தருபவர்தான் கைரோபிராக்டர். அதைப் பார்த்துவிட்டு "நானும் போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேட்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் நிறையப் பேர். என் அக்காவும் கேட்டாள். அவளுக்காகத் தேடிப் படித்த பிறகு எனக்கு ஏற்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் காசும் உடம்பில் இருக்கும் தெம்பும் கொஞ்சம்தான் என்றால், இரண்டையும் முதலில் மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியில் போடுங்கள். மாத்திரை அதற்குத் துணை. கைரோபிராக்டர் கடைசி, அதுவும் கழுத்தில் கை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஏன் என்று புரிய, இந்த நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தும் தூங்கினதாகவே தோன்றாத அலுப்பு, குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுகூட நினைவில் நிற்காத மறதி, இதெல்லாம் மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதுதான் ஃபைப்ரோமயால்ஜியா. அக்காவுக்கு ரவிக்கைக் கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலே மேல்கை வலிக்கும். பஸ்ஸில் வழிகேட்டு யாராவது தோளைத் தொட்டால் முகம் சுருங்கிவிடும். ஆனால் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள், எக்ஸ்ரே எதிலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிச் சொல்லியே பலரை வருடக்கணக்காக அலையவிடுகிறார்கள். நூறு பேரில் 2 முதல் 4 பேருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் கணக்கு. அதில் பெண்களே அதிகம்.

வலி பொய் இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் 2002-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு. கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்தம் கொடுத்துக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்றவர்களுக்குத் தர வேண்டிய அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியிலேயே இந்த நோயாளிகளின் மூளையில் வலிக்கான பகுதிகள் அதே அளவுக்கு விழித்துக்கொண்டன. அதாவது சதையிலோ எலும்பிலோ புண் இல்லை. நரம்பு மண்டலத்தில் வலியின் வால்யூம் ஏற்றிவைக்கப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம், 1990-ல் வந்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்தில் வலித்தால்தான் இந்த நோய் என்பார்கள். 2010-க்குப் பிறகு அந்த அழுத்திப் பார்க்கும் கணக்கு கட்டாயமில்லை. வலி எத்தனை பகுதிகளில் பரவியிருக்கிறது, தூக்கம், சோர்வு, நினைவுத் தடுமாற்றம் எவ்வளவு என்பதைக் கேட்டே முடிவு செய்கிறார்கள்.

இப்போது கைரோபிராக்டிக். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கிய முறை இது. முதுகெலும்பு வரிசையில் ஒரு கணு கொஞ்சம் விலகினாலும் நரம்பு தடைபட்டு நோய் வரும், அதைத் தட்டிச் சரிசெய்தால் நோய் போகும் என்பது அவருடைய கொள்கை. விலகலுக்கு 'சப்லக்ஸேஷன்' என்று பெயர். இன்றைக்கும் பல கிளினிக்குகளில் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, "இதோ பாருங்க, இந்த எலும்பு நகர்ந்திருக்கு, அதுதான் உங்க உடம்பு வலிக்குக் காரணம்" என்பார்கள். பிரிட்டனில் கைரோபிராக்டர்களுக்குப் பதிவு கொடுக்கும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே, இந்தச் சப்லக்ஸேஷன்தான் நோய்க்கு மூலம் என்று சொல்ல மருத்துவ ஆதாரம் இல்லை என்று 2010-ல் எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த 'மடக்' சத்தமும் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை. விரலைச் சொடுக்கி எம்.ஆர்.ஐ.-யில் படம் பிடித்த 2015 ஆய்வில், மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் சட்டென்று வாயு நிறைந்த ஒரு குழி உருவாவது தெரிந்தது. கழுத்து, முதுகு மூட்டுகளிலும் அதேபோலத்தான் நடக்கிறது என்று கருதுகிறார்கள்.

அப்படியானால் பலருக்குக் குறைகிறதே என்று கேட்பீர்கள். குறைகிறது, உண்மைதான். மூட்டை அசைத்ததும் சில மணி நேரத்துக்கு, சில சமயம் ஓரிரு நாளுக்கு வலி மட்டுப்படலாம். அரைமணி நேரம் ஒருவர் உட்கார்ந்து நம் கதையைக் கேட்டுத் தொட்டுப் பார்ப்பதே பெரிய ஆறுதல், அதுவும் பத்து டாக்டரிடம் "ஒண்ணுமில்லம்மா" என்று கேட்டு வந்தவர்களுக்கு. இன்னொன்றும் உண்டு. இந்த நோய் ஏறி ஏறி இறங்கும். நாம் ஓடிப் போவது உச்சத்தில் இருக்கும் நாளில்தான், அதற்கடுத்த வாரம் தானாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும், அந்தப் பெயர் கடைசியில் யாரிடம் போனோமோ அவருக்குப் போய்விடும். சாதாரண இடுப்புவலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளுக்கு ஈடாக வேலை செய்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. அமெரிக்க மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதலிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு என்று வந்தால் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சின்னச் சின்ன ஆய்வுகள். 2009-ல் அவற்றைத் திரட்டிப் பார்த்தபோது தேறியவை மூன்று. அவற்றின் தரமும் போதாது என்றே முடிவானது. ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2017-ல் வெளியிட்ட பரிந்துரையில், பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி, கைரோபிராக்டிக் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது.

என்ன கவலை? கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிது, மிக அரிது. ஆனால் வந்தால் அதன் விளைவு வாழ்நாள் முழுக்க. இதில் இன்னொரு சிக்கல்: சிலருக்கு ஃபைப்ரோமயால்ஜியா, மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற வாதநோயோடு சேர்ந்தே இருக்கும், அந்த நோயில் கழுத்தின் மேல் எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்துபோயிருக்கலாம். அங்கே போய் முறுக்குவது விபரீதம். சலூனில் தலையைத் தட்டிவிட்டுக் கழுத்தை இரண்டு பக்கமும் நெட்டி முறிப்பதற்கும் இதே ஆபத்து பொருந்தும்.

இந்த அரிய ஆபத்தைவிட என்னை அதிகம் கோபப்படுத்துவது அந்த "எலும்பு நகர்ந்திருக்கு" பேச்சுதான். அதைக் கேட்டுவிட்டு வந்தவர் குனியப் பயப்படுகிறார், குடம் தூக்கப் பயப்படுகிறார், நடக்கவே யோசிக்கிறார். எந்த அசைவு அவரைத் தேற்றுமோ அதையே நிறுத்திவிடுகிறார்.

ஏனென்றால் அதே யூலார் பரிந்துரையில் "கட்டாயம் செய்யுங்கள்" என்ற வலுவான ஆதரவு கிடைத்தது ஒன்றே ஒன்றுக்கு: உடற்பயிற்சி. எந்த மாத்திரைக்கும் அந்த அளவு ஆதரவு இல்லை. நடை, சைக்கிள், வெதுவெதுப்பான நீரில் செய்யும் பயிற்சி, லேசான எடை தூக்குவது, எதுவானாலும் சரி. தாய்ச்சி என்ற சீன மெல்லசைவுப் பயிற்சியை வேகநடை போன்ற ஏரோபிக் பயிற்சியோடு ஒப்பிட்டு 226 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வந்தது. அதில் தாய்ச்சி குறைந்தது ஈடாக, சில அளவுகளில் கூடுதலாகவே பலன் தந்தது.

சொல்வது சுலபம், தொட்டாலே வலிக்கிற உடம்பை எப்படி அசைப்பது என்பதுதான் கேள்வி, இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். நல்ல நாள் ஒன்று வந்ததும் ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, வீட்டு வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடந்து, "எனக்கு எக்சர்சைஸ் ஒத்துக்காது" என்று முடிவு கட்டுகிறார்கள். அக்காவுக்கு ஃபிசியோதெரபிஸ்ட் சொன்னது இதற்கு நேரெதிர். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பு, அவ்வளவுதான். நல்லா இருக்கிற நாளிலும் அதற்கு மேல் போகாதே, முடியாத நாளிலும் பாதியாவது போ. ஒரு வாரம் அப்படியே, அப்புறம் ஓரிரு நிமிடம் கூட்டு. முதல் சில வாரம் வலி கொஞ்சம் கூடத்தான் செய்யும், அது உடம்பு கெட்டுப்போவதன் அடையாளம் இல்லை. பலன் தெரிய ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரைகூட ஆகலாம். முழுக்கப் போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தூக்கம் சற்றுச் சீராகும், வேலை செய்யும் தெம்பு கூடும், வலி ஓரளவு இறங்கும்.

மாத்திரைக்கு வருவோம். மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த நோய்க்கென்று ப்ரீகாபலினை 2007-லும், டுலோக்ஸெட்டினை 2008-லும், மில்னாசிப்ரானை 2009-லும் அனுமதித்தது. இவற்றோடு, இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலினும் பல டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள், தூக்கத்துக்கு அது உதவுகிறது. எல்லாருக்கும் கேட்காது, ப்ரீகாபலினை எடுத்துக்கொண்டால், ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிடும்போது கூடுதலாக ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் வலி பாதியாகக் குறைகிறது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், எடை கூடுதல் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் கேட்கிறவர்களுக்கு நன்றாகவே கேட்கும், அதனால் டாக்டரோடு பேசி முயன்று பார்ப்பதில் தப்பில்லை. நிறுத்துவதையும் அவரைக் கேட்டு மெல்ல மெல்லத்தான் செய்ய வேண்டும். பாரசிட்டமாலும் புரூஃபனும் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. தினமும் அவற்றை விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதைத் தொடங்குவதற்கு முன்னாலும் ஒரு முறையாவது ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது வாதநோய் நிபுணரை, பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவு, விட்டமின் டி பற்றாக்குறை, ரத்தசோகை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் எல்லாமே உடம்புவலியும் அலுப்புமாகத்தான் தலைகாட்டும், அவற்றுக்குச் சிகிச்சையே வேறு.

ஏற்கெனவே கைரோபிராக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் இதமாகவும் இருக்கிறது என்றால் நான் திட்டமாட்டேன். இதம் கிடைப்பதே அரிதான நோய் இது. கழுத்தைத் திருப்ப வேண்டாம், மென்மையான முறை மட்டும் போதும் என்று படுக்கையில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எலும்புத் தேய்மானம், ருமட்டாய்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் உடல்வாகு, இதில் ஏதாவது இருந்தால் அந்த மென்மையான முறைக்கும் டாக்டரிடம் கேட்காமல் உடன்படாதீர்கள். முதல் நாளே பல மாதத்துக்கான பேக்கேஜ் போட்டு முன்பணம் கேட்டாலோ, டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். எப்போதாவது கழுத்தைத் திருப்பிய பிறகு இதுவரை இல்லாத கழுத்துவலி, கடுமையான தலைவலி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது என்று ஏதாவது வந்தால், அது மறுநாளோ சில நாள் கழித்தோ வந்தாலும், "அட்ஜஸ்ட் ஆகுது" என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, கழுத்தைத் திருப்பிய விஷயத்தை மருத்துவமனையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.