பக்கம் எண்ணுறது ஈஸி, மை எண்ணுறது தான் கஷ்டம்: கோஸ்ட்ஸ்கிரிப்ட்னு ஒரு சாப்ட்வேர் யூஸ் பண்ணி பாத்ததுல

காலேஜ் ரோட்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பதினோரு வருஷமா. மார்ச் ஏப்ரல் வந்தா ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சீசன், மூணு மெஷினும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஓடும். போன சீசன் முடிஞ்சு உக்காந்து கணக்கு பாத்தா பேப்பர் பண்டல் கணக்கு சரியா வருது, ஸ்பைரல் பைண்டிங் கணக்கு சரியா வருது, டோனர் ரீஃபில்லும் இங்க் பாட்டிலும் மட்டும் எங்கயோ வாய்க்கால் உடைஞ்ச மாதிரி போயிருக்கு. பையன் வேஸ்ட் பண்றானோன்னு சந்தேகப்பட்டு ரெண்டு நாள் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன், பாவம் அவன் மேல ஒண்ணுமில்ல. பக்கத்தை எண்ணி காசு வாங்குறோம், ஆனா மெஷின் பக்கத்தையா குடிக்குது, மையை தான குடிக்குது.

ஹெச்பி 12ஏ டோனர் கார்ட்ரிஜ் தெரியாத பிரிண்ட் கடைக்காரன் இருக்க மாட்டான். அதுக்கு 2000 பக்கம்னு போட்டிருப்பாங்க. அந்த 2000 ஐஎஸ்ஓ 19752னு ஒரு அளவு முறைப்படி வர்ற நம்பர், அதுல அடிக்கிற டெஸ்ட் பக்கத்துல கருப்பு சுமார் 5 சதவீதம் தான் இருக்கும். ஒரு ஏ4 ஷீட்டு 624 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, அதுல 5 சதவீதம்னா 31, அதாவது ஒரு விசிட்டிங் கார்டுல மூணுல ரெண்டு பங்கு. ஒரு முழு பக்கத்துக்கு அவ்ளோ தான் கருப்பு! நம்மகிட்ட வர்ற பசங்க ரிப்போர்ட்ல ஃப்ளோசார்ட்டு, கருப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்துல அவுட்புட் ஸ்க்ரீன்ஷாட்டு, எல்லா பக்கத்துக்கும் பட்டையா பார்டர். ஒரு பக்கம் 20 சதவீதம் ஆச்சுன்னா அதே 2000 பக்க கார்ட்ரிஜ் 500ல முடிஞ்சு போச்சு. கழட்டி ரெண்டு ஆட்டு ஆட்டி போட்டா இன்னொரு இருபது பக்கம் வரும், அவ்ளோதான்.

சரி இதுக்கு சாப்ட்வேர் இருக்கும்லன்னு தேடினேன். மொதல்ல காசு கொடுத்து வாங்குற ஒண்ண ட்ரையல் போட்டேன், பேர் வேணாம். பாக்க அழகா இருந்துச்சு, பை சார்ட்லாம் வந்துச்சு, ஆனா எண்பது பக்க பைல கொடுத்தா பாதில தொங்கிடும், கஸ்டமர் நம்ம மூஞ்சிய பாத்துட்டு நிப்பான். அப்புறம் பேப்பர்கட் பிரிண்ட் லாகர்னு ஒண்ணு, அது ஃப்ரீ. எத்தனை மணிக்கு, எந்த யூசர், எந்த பிரிண்டர், எத்தனை பக்கம், எத்தனை காப்பி, டூப்ளெக்ஸா (ரெண்டு பக்கமும் அடிச்சதா) இல்லையான்னு வரிசையா எழுதி வச்சுடும். கடைல ஆள் வச்சிருக்கவங்களுக்கு நல்ல விஷயம், இன்னும் என் கடைல ஓடிட்டு தான் இருக்கு. ஆனா அது பிரிண்ட் போன பிறகு எண்ணுறது, மை கணக்கும் அதுல கிடையாது. எனக்கு வேண்டியது பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி ரேட்டு சொல்ல ஒரு நம்பர்.

தங்கச்சி பையன் தான் கோஸ்ட்ஸ்கிரிப்ட்ட காமிச்சான். பேர பாத்து பேய் படம்னு நினைச்சுட்டேன். 1988லயே வந்த சாப்ட்வேர், பிடிஎப் போஸ்ட்ஸ்கிரிப்ட் பைல் எல்லாம் படிச்சு படமா மாத்துறது தான் அதோட வேலை, லினக்ஸ்ல பிரிண்ட் போட்டவங்க தெரியாமலே இத யூஸ் பண்ணிருப்பீங்க. இதுக்குள்ள இங்க்கவ்னு (inkcov) ஒரு டிவைஸ் இருக்கு, நிஜ மெஷின் இல்ல, பிரிண்டர் மாதிரி பாவிச்சுக்கிற ஒரு செட்டிங். பிரிண்டருக்கு அனுப்புற மாதிரி பைல இதுக்கு அனுப்பினா பேப்பருக்கு பதிலா நம்பர் துப்பும். ஒரு பக்கத்துக்கு ஒரு லைன், லைனுக்கு நாலு நம்பர், சயான் மெஜன்டா மஞ்சள் கருப்பு, எல்லாம் 0ல இருந்து 1க்குள்ள. லைன எண்ணினா பக்கம் எத்தனைன்னு தெரிஞ்சுடும், மொத மூணு நம்பரும் சைபரா இருந்தா அது பிளாக் பக்கம், இல்லன்னா கலர் பக்கம். இத பாத்த அன்னிக்கு எனக்கு சாப்பாடே இறங்கல, இத்தனை வருஷம் 90 பக்க ரிப்போர்ட்ட ஸ்க்ரோல் பண்ணி பண்ணி "கலர் பதினாலு பக்கம் தம்பி"ன்னு விரல் விட்டு எண்ணிட்டு இருந்திருக்கேன்.

விண்டோஸ்ல கருப்பு விண்டோல டைப் பண்ணனும், அது தான் இதோட பெரிய மைனஸ். பட்டன் கிடையாது, பை சார்ட் கிடையாது. தங்கச்சி பையன் அந்த கமாண்ட் எல்லாம் தானா ஓடற மாதிரி ஒரு பேட்ச் பைல் எழுதி டெஸ்க்டாப்ல வச்சுட்டான், பிடிஎப்ப இழுத்து அது மேல போட்டா நோட்பேட்ல ரிசல்ட்டு திறக்கும். அப்படி ஒரு ஆள் வீட்ல இல்லன்னா இத நான் ரெகமண்ட் பண்ண மாட்டேன், உண்மைய சொல்லிடறேன்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், இது தெரியாம ஒரு மாசம் தப்பு கணக்கு போட்டேன். இங்க்கவ் சொல்றது எத்தனை புள்ளில அந்த நிறம் இருக்குன்னு மட்டும் தான், அந்த புள்ளில எவ்ளோ அடர்த்தின்னு இல்ல. ஒரு பக்கம் முழுக்க 10 சதவீத லைட் கிரே அடிச்சிருந்தா கருப்பு 1னு காட்டும், அதாவது பக்கம் பூரா கருப்புன்னு அர்த்தமாகுது. ஒரு பையன் ரிப்போர்ட்ல எல்லா பக்கத்துலயும் காலேஜ் முத்திரை வாட்டர்மார்க், லேசா இருக்கும்ல அது, நம்பர பாத்துட்டு ஏகத்துக்கு ரேட்டு சொல்லிட்டேன், அவன் "அண்ணா என்னண்ணா இது"ன்னு எந்திரிச்சு அடுத்த கடைக்கு போயிட்டான். இதுக்கு இன்னொரு டிவைஸ் இருக்கு, அதே பேர் தான், நடுவுல ஒரு அண்டர்ஸ்கோர் போட்டு இங்க்_கவ் (ink_cov). இது அடர்த்தியையும் சேத்து கணக்கு பண்ணும், அதே கிரே பக்கத்துக்கு 10 சதவீதம்னு வரும். கலர் பக்கமா பிளாக் பக்கமான்னு பிரிக்க மொதல் டிவைஸு, மை எவ்ளோ போகும்னு பாக்க ரெண்டாவது. ரெண்டையும் ஓட்டணும். பேர் வச்சவங்கள நேர்ல பாத்தா ரெண்டு வார்த்தை கேப்பேன், ஒரு அண்டர்ஸ்கோர்ல தான் வித்தியாசமா காட்டுவீங்க.

இன்னொரு கூத்து. 76 பக்க ரிப்போர்ட்டு, பையன் கலர் ஒம்போது தான்ணாங்கிறான், சாப்ட்வேர் 21ங்கிறது. அவன் பொய் சொல்றானா இது பொய் சொல்லுதான்னு லைன் லைனா பாத்தா, ரெஃபரன்ஸ் பக்கங்கள்ல சயானும் மெஜன்டாவும் 0.0009, 0.0012ன்னு துளி துளியா இருக்கு. திறந்து பாத்தா வெப்சைட் அட்ரஸ் எல்லாம் வேர்டு தானா போட்ட நீல கலர்ல அடிக்கோடோட உக்காந்திருக்கு! யாரு கண்ணுக்கும் அது கலர் பக்கமா தெரியாது, ஆனா கலர் மெஷின்ல விட்டா கலர் பக்கம் எண்ணுற மீட்டர் ஓடிடும். இப்போ 0.002க்கு கீழ இருந்தா பிளாக்ல சேருன்னு பேட்ச் பைல்லயே ஒரு வரி போட்டாச்சு.

போன்ல படம் புடிச்ச பத்திரம், மார்க் ஷீட்டு இதெல்லாம் கொடுத்தா இது பாட்டுக்கு நாலு கலரும் பக்கம் பூரா இருக்குன்னு சொல்லும். தப்பில்ல, அது வெள்ளையே இல்ல, மங்கலான மஞ்சள் நிழல் தான், நம்ம கண்ணு தான் வெள்ளைன்னு நம்புது. பிளாக்ல அடிச்சாலும் அந்த நிழலுக்கு டோனர் போகத்தான் செய்யுது, காப்பில லேசா அழுக்கு மாதிரி வருமே அது தான். இப்ப அந்த மாதிரி பைல ஒரு தடவ பிரைட்னஸ் ஏத்தி வெள்ளையாக்கிட்டு தான் அடிக்கிறேன்.

வேர்டு பைல இது படிக்காது, பிடிஎப் ஆக்கி தான் கொடுக்கணும். அதுவும் அவங்க சிஸ்டத்துலயே பிடிஎப் ஆக்கிட்டு வரச்சொல்லுங்க, பாமினி ஃபாண்ட்ல அடிச்ச பைல ஃபாண்ட் இல்லாத மெஷின்ல திறந்தா எழுத்தும் போகும் பக்க கணக்கும் போகும்.

கலர்ல எப்சன் 003 பாட்டில் யூஸ் பண்றேன். கம்பெனி கணக்குல 65 மில்லி கருப்பு 4500 பக்கம், கலர் மூணு பாட்டிலும் சேந்து 7500 பக்கம். மூணு கலர் பாட்டில் 195 மில்லிய 7500ஆல வகுத்து பாத்தா ஒரு பக்கத்துக்கு கலர் இங்க் 0.026 மில்லி. அடர் நீல பேக்ரவுண்ட் போட்ட பிபிடி ஸ்லைடு ஒண்ணு சாதா கலர் பக்கம் மாதிரி பத்து மடங்குக்கு மேல இழுக்குதுன்னு நம்பர்லயே தெரியுது, ரெண்டுக்கும் 10 ரூபா வாங்கிட்டு இருந்தேன் நானு. ஹெட் கிளீனிங் அடிச்சா போற இங்க், டிரைவர்ல டோனர் சேவ் போட்டா மிச்சமாகறது, இதெல்லாம் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு தெரியாது, அது பைல மட்டும் தான் பாக்குது. அதனால நம்பர் மேல ஒரு கால்வாசி கூட வச்சு தான் ரேட்டு போடறேன். பேக் டு பேக் போட்டா எத்தனை ஷீட்டுன்னும் சொல்லாது, பாதியா வகுத்துக்க வேண்டியது தான். எங்க பழைய ஐ3 கம்ப்யூட்டர்ல படம் நிறைய இருக்க பைல் கொஞ்சம் யோசிக்கும், ரெசல்யூஷன குறைச்சு விட்டா வேகமா போகுது ஆனா மெல்லிசான எழுத்துல நம்பர் கொஞ்சம் அங்க இங்க ஆகும்.

போர்டுல புதுசா "டார்க் ஸ்லைடு 25 ரூபா"ன்னு ஒரு வரி சேத்திருக்கேன். நேத்து ஒரு பொண்ணு நோட்பேட் நம்பரையும் போர்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு, "அண்ணா ஒரு அஞ்சு நிமிஷம் சிஸ்டம் கொடுங்கண்ணா"ன்னு உக்காந்து நாப்பது ஸ்லைடையும் வெள்ளை தீமுக்கு மாத்திட்டு தான் பிரிண்ட் கேட்டுச்சு. சிஸ்டம் சார்ஜ் வாங்கல.