போர்டோ, பரோலோ, ரியோஹா: இருபது வருடம் காத்திருக்கப் போவது யார்?

இருபது வருடம் முதிர்ந்த நல்ல சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்க்க ஆசையா? விலை விசாரிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: அந்த இருபது வருடமும் பாட்டில் யார் பொறுப்பில் இருக்கப்போகிறது? பிரான்சின் போர்டோ, இத்தாலியின் பரோலோ, ஸ்பெயினின் ரியோஹா மூன்றும் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. மூன்றையும் விரும்பிக் குடிப்பவன்தான் நான். ஆனாலும் ஒரே ஆளுக்கு மூன்றையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடையில் விற்கும் சிவப்பு ஒயினில் பெரும்பகுதி வைத்திருந்து குடிப்பதற்கே ஆனதில்லை. சில வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். தவறினால் பழச்சுவை வற்றி வெறும் புளிப்புதான் மிஞ்சும். வயதைத் தாங்க வேண்டுமென்றால் துவர்ப்பும் புளிப்பும் பழச்செறிவும் ஆரம்பத்திலேயே தாராளமாக இருக்க வேண்டும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வந்து துவர்ப்பைத் தரும் டானின்கள் வருடக்கணக்கில் நிறமிகளோடு பிணைந்து, கனத்து, மண்டியாக அடியில் இறங்கும். கருஞ்சிவப்பு மெல்ல செங்கல் நிறத்துக்கு மாறும். செர்ரி வாசனை பின்வாங்கி, பதப்படுத்திய தோல், புகையிலை, சருகு, காளான் என்று வேறொரு கூட்டம் முன்னால் வரும். இந்த வாசனை பிடிக்காதவர்கள் நிறையப் பேர். உங்களுக்கும் பிடிக்காது என்று தெரிந்துவிட்டால் இளம் ஒயினே வாங்குங்கள், பணமாவது மிச்சமாகும்.

முதலில் போர்டோ. நான் இங்கே சொல்வது ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையை: பொயாக், சான்-ழூலியன், மார்கோ போன்ற ஊர்கள். சரளைக்கல் நிலம், கபர்னே சோவினியோன் திராட்சை. 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக இந்தப் பகுதியின் ஒயின்களை ஐந்து படிநிலைகளாகப் பிரித்தார்கள். 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற பண்ணை இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியதைத் தவிர, சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் இல்லை. முதல் படியின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது, விடுங்கள். பொயாக்கிலேயே லின்ச்-பாஜ், கிராண்ட்-பூய்-லகோஸ்த் இரண்டும் ஐந்தாம் படியில் இருக்கின்றன. 2000, 2005, 2010, 2016 போன்ற நல்ல அறுவடை ஆண்டென்றால் இரண்டுமே இருபது வருடத்தைச் சுலபமாகத் தாண்டும்.

போர்டோவை ஊகித்து வாங்கலாம் என்பது அதன் பெரிய பலம். ஆண்டு எப்படி, பண்ணை எப்படி என்று தெரிந்தால் ஒயின் எப்படி இருக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பெரிய பண்ணைகள் வருடத்துக்கு லட்சத்துக்கும் மேல் பாட்டில் போடுவதால் பன்னிரண்டு பாட்டில் பெட்டியாகவே வாங்கி, இரண்டு வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து, அது வளர்வதைப் பார்க்கலாம். சிக்கல் விற்கும் முறையில் இருக்கிறது. அறுவடை முடிந்து அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே பணத்தை முன்னதாக வாங்கிக்கொண்டு விற்றுவிடுவார்கள்; பாட்டில் கைக்கு வர இன்னும் இரண்டு வருடம் ஆகும். முன்னால் வாங்கினால் மலிவு என்பதுதான் அதன் நியாயம். இப்போது பல ஆண்டுகளில் அந்த நியாயம் நிற்பதில்லை. அதே பண்ணையின் பத்து வருடப் பாட்டிலே அதே விலைக்குக் கிடைத்துவிடுகிறது. ஷத்தோ லத்தூர் என்ற முதல் படிப் பண்ணை 2012-இல் இந்த முன்விற்பனையை விட்டே விலகியது. குடிக்கும் பக்குவம் நெருங்குகிறது என்று தோன்றும்போதுதான் இப்போது வெளியே விடுகிறது. மற்றவர்களிடம் வாங்கினால் காத்திருப்பும் ரிஸ்க்கும் நம் தலையில்தான்.

பரோலோ விஷயம் வேறு. பியமோந்தின் லாங்கே மலைச்சரிவுகளில் 11 ஊர்கள், நெபியோலோ என்ற ஒரே திராட்சை, வேறெதுவும் கலக்கக் கூடாது. சட்டப்படி 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். ரிசேர்வா என்று போட 62 மாதம். இதைப் பார்த்து, விற்பனைக்கு வரும்போதே பக்குவம் என்று நினைத்துவிடக் கூடாது. கிண்ணத்தில் ஊற்றினால் வெளிறிய சிவப்பு, அடியில் வைத்த எழுத்தைக்கூடப் படித்துவிடலாம். மெல்லிய ஒயின்போல என்று நம்பி வாயில் விட்டால் கடுக்காயைக் கடித்தது மாதிரி ஈறெல்லாம் இறுகும். பாட்டிலில் சில வருடம் போனதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், வாசனையே தராது. அந்த ஊர்களில் செர்ரலூங்கா பக்கத்து ஒயின்தான் இதில் முரடு. லா மோர்ரா பக்கம் கொஞ்சம் சீக்கிரம் இறங்கி வரும். மண்ணின் வயதும் வாகும் வேறு.

ஆனால் பொறுத்தவருக்கு அது கொடுப்பதை மற்ற இரண்டும் கொடுப்பதில்லை. இருபது வருடமான செர்ரலூங்காவைத் திறந்தவுடன் பெரிதாக ஒன்றும் வராது. ஒரு மணி நேரம் கழித்து மூக்கை வைத்தால் தார், காய்ந்த ரோஜா, சோம்பு. துவர்ப்பு அப்போதும் இருக்கும், ஆனால் ஓரம் மழுங்கி, அடுத்த வாய்க்கு இழுக்கும் துவர்ப்பாகியிருக்கும்.

இந்தப் பொறுமை வேண்டுமா என்று அங்கேயே ஒரு பெரிய சண்டை நடந்தது. எலியோ அல்தாரே என்ற பரோலோ தயாரிப்பாளர் எண்பதுகளில் தன் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டு, பிரெஞ்சு பாணிச் சிறு பீப்பாய்க்கு மாறினார். சீக்கிரம் குடிக்கலாம், வெளிநாட்டில் விற்கலாம் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று கைப்பட எழுதி லேபிளாகவே ஒட்டியவர். இன்று இரண்டு பக்கமும் இறங்கி வந்துவிட்டன. வைத்திருந்து குடிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பெரிய பீப்பாய்க்காரர்களிடமே போங்கள். கன்னூபி மாதிரி ஒரே குன்றைப் பலர் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தோட்டத்தின் பெயரை விட ஒயின் செய்தவர் பெயர்தான் முக்கியம். இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் பொறுமை இல்லாதவருக்குப் பரோலோ வேண்டாம்.

ரியோஹாவில் காத்திருக்கும் வேலையைச் செய்தவரே செய்துவிடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸரா பூச்சி அழித்தபோது போர்டோ வியாபாரிகள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். ஆரோ ஊரின் ரயில் நிலையத்தைச் சுற்றியே பொதேகாக்கள், அதாவது ஒயின் தயாரிக்கும் நிறுவனங்கள், முளைத்தன: லோபெஸ் தெ எரேதியா 1877-இல், குனே 1879-இல், லா ரியோஹா அல்தா 1890-இல். கிரான் ரிசேர்வா என்று லேபிளில் போட ஐந்து வருடம் முதிர வேண்டும், அதில் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில், இரண்டு வருடம் பாட்டிலில். பழைய பொதேகாக்கள் இதையும் தாண்டிப் போகும். லோபெஸ் தெ எரேதியாவின் தொந்தோனியா கிரான் ரிசேர்வா ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத்தான் கடைக்கு வருகிறது. அவர்கள் நிலவறையில் சிலந்தி வலையைத் துடைப்பதில்லை. தக்கையை அரிக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. அமெரிக்க ஓக் மரத்தின் வெனிலா, தேங்காய் வாசனை சிலருக்கு ஆகாது. கிரான் ரிசேர்வா என்பது காலத்துக்குத்தான் சான்று, தரத்துக்கு அல்ல. சூப்பர் மார்க்கெட் பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பரோலோவின் உச்சத்தையும் இது தொடாது. ஆனால் செய்த இடத்திலேயே, குளிர்ந்த நிலவறையிலேயே வயதான பாட்டில், அதுவும் பேர்பெற்ற போர்டோவை விடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. முதல் தடவைக்காரருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

காரணம், வீட்டில் வைப்பது அவ்வளவு சுலபமில்லை. 12 முதல் 14 டிகிரி, வருடம் முழுக்க ஏறி இறங்காமல், இருட்டில், தக்கை காயாதபடி படுக்கவைத்து. சென்னையிலோ சிங்கப்பூரிலோ பரண்மேல் வைத்த போர்டோ ஒரு கோடைக்குள் வெந்துவிடும். இரவில் ஏசி, பகலில் வெக்கை என்ற படுக்கையறையும் உதவாது. ஒயினுக்கான குளிர்பெட்டி வேண்டும். லண்டன்வாசிகளுக்கு இன்னொரு வழி உண்டு: வரி கட்டாமலே பாண்ட் என்ற சுங்கக் கிடங்கில் விட்டுவைத்து, எடுக்கும்போது கட்டலாம். இந்த ஏற்பாடு இருப்பவர்கள் தாராளமாகப் போர்டோ பெட்டி வாங்கட்டும், கூடவே நாலு பரோலோ.

பழைய பாட்டிலைக் கைமாற்றி வாங்கினால் கழுத்தைப் பாருங்கள். இருபது வருடப் போர்டோவில் ஒயின் கழுத்தின் அடிவரையாவது நிற்க வேண்டும். தோளின் பாதிக்கு இறங்கியிருந்தால் தக்கை கைவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

திறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். போர்டோ பாட்டிலின் தூக்கிய தோள் ஊற்றும்போது மண்டியைப் பிடித்துக்கொள்ளும். பரோலோவின் சரிந்த தோளுக்கு அந்த வசதி கிடையாது, மண்டியும் நைசாக, கசப்பாக இருக்கும். கழுத்துக்குக் கீழே டார்ச்சைப் பிடித்து, ஒரே சாய்வாக வேறொரு குடுவையில் ஊற்றி, கலங்கல் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். பரோலோவுக்கு இரண்டு மணி நேரக் காற்று நல்லது. பழைய ரியோஹாவை அப்படி விடாதீர்கள். மண்டியை வடித்த கையோடு கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்க ஆரம்பித்துவிடலாம். அப்புறம், தொட்டுக்கொள்ளக் காரம் வேண்டாம். மிளகாய் துவர்ப்பைத் தூக்கிவிடும். வறுத்த ஆட்டுக்கறி, உப்பு மட்டும் போட்டு, அது போதும்.