பட்டாலையில் போட்ட மூன்று கிறிஸ்துமஸ் காதல் படங்கள்

காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆயா (பாட்டி) வீடு நிறைவது அரையாண்டு விடுமுறையில்தான். எங்கள் பக்கத்துச் சடங்கான பிள்ளையார் நோன்புக்கு இழை (நூல் திரி) எடுத்துக்கொள்ள வந்தவர்கள், சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளோடு வந்தவர்கள் என்று வளவு என்கிற உள்முற்றம் முழுக்கப் பேச்சுச் சத்தமாக இருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பட்டாலை என்கிற கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவோம். போன வருஷம் மூன்று ராத்திரியும் கிறிஸ்துமஸ் காலத்துக் காதல் படங்கள். மூன்றுமே சிரித்துக்கொண்டு பார்க்கிற ரகம். ஆனால் எண்பது வயதைத் தாண்டிய ஆயாவும் எட்டு வயதுப் பேத்தியும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரும்போது படத்துக்குப் படம் வித்தியாசம் தெரிகிறது.

முதல் ராத்திரி ‘தி ஹாலிடே’. நான்சி மேயர்ஸ் 2006இல் எடுத்தது. காதலில் அடிபட்ட இரண்டு பெண்கள் இரண்டு வாரத்துக்கு வீட்டை மாற்றிக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக் கிராமத்துக் குட்டி வீட்டுக்குக் கேமரூன் டயஸ் வருகிறார், லாஸ் ஏஞ்சலிஸ் மாளிகைக்குக் கேட் வின்ஸ்லெட் போகிறார். கண்ணுக்குக் குளிர்ச்சியான படம். அந்தக் கல் வீட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் அங்கே போகலாமா என்று கேட்டார்கள். படப்பிடிப்புக்காகக் கட்டிய வீடு அது என்று சொல்ல மனசு வரவில்லை. எனக்குப் பிடித்தது காதல் ஜோடிகளைவிட, எலி வாலக் நடித்த வயதான திரைக்கதை ஆசிரியரும் வின்ஸ்லெட்டும் பழகும் பகுதிதான். குறை என்றால் நீளம். இரண்டேகால் மணி நேரம் ஓடுகிறது, பேசிப் பேசியே நகர்கிறது. சந்தித்த முதல் ராத்திரியே ஒரு ஜோடி சேர்ந்துவிடுவதால் பெரியவர்கள் முன்னால் சங்கடமாகவும் இருந்தது. மச்சான், கொழுந்தியாள் எல்லாம் தனியாகப் பார்க்கச் சரியான படம்.

இரண்டாம் ராத்திரி ‘வைல் யூ வேர் ஸ்லீப்பிங்’, 1995. சிகாகோ ரயில் நிலையத்தில் டோக்கன் வாங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்ணாக சாண்ட்ரா புல்லக். அப்பா இறந்துவிட்டார், வேறு சொந்தம் யாரும் இல்லை, வீட்டில் ஒரு பூனை மட்டும். குடும்பம் இல்லாதவள் என்பதாலேயே கிறிஸ்துமஸ் அன்றும் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். அன்றைக்குத் தண்டவாளத்தில் விழுந்த ஒருவனைக் காப்பாற்றுகிறாள். அவன் நினைவில்லாமல் கிடக்க, ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு குழப்பத்தில் அவனுடைய குடும்பம் இவளைக் கல்யாணம் நிச்சயமான பெண் என்று நம்பிவிடுகிறது. பாட்டிக்கு இருதயம் பலவீனம், அதனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அப்புறம் அவனுடைய தம்பி மேலேயே மனசு போய்விடுகிறது.

கதையைச் சொன்னால் நம்பமுடியாதது போலத்தான் இருக்கும். பார்க்கும்போது நம்பவைப்பது அந்தக் குடும்பம். சாப்பாட்டு மேசையில் ஆளாளுக்கு ஒன்று பேசுவார்கள், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். எங்கள் வீட்டுப் பந்தியில் பணியாரம் பரிமாறும்போது நடப்பதும் அதுதான். ஆயாவுக்கு மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. அந்தப் பெண் ஆசைப்படுவது மாப்பிள்ளைக்கு மட்டுமல்ல, நிறைந்த வீட்டுக்கும் சேர்த்து என்பது ஆயாவுக்குப் பாதிப் படத்திலேயே புரிந்துவிட்டது. கடைசியில் டோக்கன் போடும் தட்டில் மோதிரம் வந்து விழுந்தபோது பட்டாலையே கை தட்டியது.

மூன்றாவது, ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’. எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். புடாபெஸ்டில் ஒரு கடை. அங்கே ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் மார்கரெட் சல்லவனும் எந்நேரமும் சண்டை போடும் சிப்பந்திகள். முகம் தெரியாத ஒருவருக்கு இருவரும் காதல் கடிதம் எழுதுகிறார்கள், அந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும் ஆள்தான். 1998இல் இதையே மின்னஞ்சலுக்கு மாற்றி ‘யூ ஹேவ் காட் மெயில்’ என்று எடுத்தார்கள். அதுவும் நல்ல படம். ஆனால் கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தபாலுக்குக் காத்திருப்பதும் ஒன்றில்லை.

பிள்ளைகள் அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார்கள். வசனத்தில் ஓடும் படம், நான் காதோரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கடை முதலாளியின் குடும்பத் துயரம் நடுவில் வந்து கனக்கவும் செய்கிறது. ஒரு காட்சியில் தபால் பெட்டியின் உள்ளிருந்து பார்க்கிறோம். அந்தப் பெண்ணின் கை உள்ளே வந்து துழாவுகிறது, கடிதம் இல்லை, பிறகு அவள் முகம் தெரிகிறது. நான் எதுவும் சொல்லவில்லை. ஆயாதான் பேசினார்கள்: “எங்க ஆத்தாளும் இப்புடித்தான், தபால்காரரு வர்ற நேரம் முகப்புல வந்து நிப்பாக.” ஆயாவின் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வட்டித் தொழில் செய்ய) போனவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்கு வர முடியும், அதுவரை கடிதம்தான்.

வீடு நிறைந்திருக்கும்போது ஒரே படம்தான் போடலாம் என்றால் யோசிக்காமல் சாண்ட்ரா புல்லக் படத்தைச் சொல்வேன். படமாக எது உசத்தி என்று கேட்டால் லூபிட்ச்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வருஷம் முதல் இரண்டையும் எல்லாரும் இருக்கும்போதே போட்டுவிட்டு, கார்கள் எல்லாம் கிளம்பிப் போன ராத்திரிக்கு அதை வைத்திருக்கிறேன். அந்தக் கடைசிப் பகுதியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி கடை வாசலில் தனியாக நிற்கும் முதலாளி, ஊரில் சொந்தமில்லாத புதுப் பையனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவார். போன வருஷம் அதற்குள் ஆயாவுக்குக் கண் சொக்கிவிட்டது. இந்தத் தடவை சீக்கிரமே படத்தை ஆரம்பிக்க வேண்டும்.