பட்டமா, பயிற்சியா, பணித்தளத்திலேயே படிப்பா? வேலூர் வட்டார மிஷனெரி கமிட்டிகளுக்கு ஓர் அலசல்

வேலூர், காட்பாடி, ஆம்பூர் பக்கத்துச் சபைகளில் ஒரு வாலிபன் வடநாட்டு ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததும் கமிட்டியில் முதலில் எழும் கேள்வி, "தம்பியை எங்கே படிக்க வைக்கலாம்?" என்பதுதான். எத்தனை வருஷம், எவ்வளவு செலவு என்று பேச்சு அதையே சுற்றும். போய்ச் சேர்ந்து ஐந்தாம் வருஷத்தில் அவர் என்ன படித்துக்கொண்டிருப்பார், யாரோடு உட்கார்ந்து படிப்பார் என்று யாரும் கேட்பதில்லை. இருக்கிற வழிகளை நான் எடைபோடுவது அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதல் வழி, இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் பட்டம்). ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவருக்கு நான்கு ஆண்டுகள். 1910இல் தொடங்கிய பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி, 1969இல் உருவான மதுரை அரசரடி இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி எல்லாம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. எபிரெயம், கிரேக்கம், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள் என்று அஸ்திவாரம் ஆழமாக விழும். சபைக்குக் குருவாக, அதாவது ஆயராக, அபிஷேகம் பெறும் குருப்பட்டத்துக்கும் பெரும்பாலும் இதுதான் வழி. ஆனால் இந்தப் படிப்பு ஆளைத் தயார்படுத்துவது பெரும்பாலும் நம் பிரசங்க பீடத்துக்கு. நான்கு வருஷம் தமிழில் சரளமாகப் பிரசங்கித்துப் பழகியவர், ஒரு மலைக்கிராமத் திண்ணையில் நாற்பது சொற்களை வைத்துக்கொண்டு திக்கித் திணற வேண்டியிருக்கும். சிறுவர்கள் சிரிப்பார்கள். அதைத் தாங்கும் மனசைப் பட்டம் தருவதில்லை. சில சமயம் அதைக் கெடுத்தும் விடுகிறது.

இரண்டாவது, மிஷனெரி ஸ்தாபனங்கள் நடத்தும் குறுகிய காலப் பயிற்சி. சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை இருக்கும். தரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், சேர்க்கும் முன் நேரில் போய் விசாரியுங்கள். அட்டவணையில் மொழி கற்கும் முறைக்கு எத்தனை மணி நேரம்? தமிழ் தெரியாத ஒரு வீட்டில் சில வாரம் தங்க வைக்கிறார்களா? மதமாற்றத் தடைச் சட்டங்களைப் பாடமாக நடத்துகிறார்களா? ஒடிசாவில் 1967இலும் மத்தியப் பிரதேசத்தில் 1968இலும் வந்த சட்டங்கள் இவை. குஜராத், ஜார்க்கண்ட் எல்லாம் பின்னால் சேர்ந்தன. சட்டம் தெரியாமல் போகிறவர் தன்னை மட்டுமல்ல, தன்னை வீட்டில் சேர்த்த குடும்பத்தையும் சிக்கலில் மாட்டிவிடுவார்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும். ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளில் மால்தோ பேசுகிறார்கள். அது திராவிட மொழிதான், ஆனாலும் தமிழ் அங்கே உதவாது. நம் ஆட்கள் முதலில் இந்தி கற்கிறார்கள். கடை, பஸ், தாலுகா அலுவலகம் எல்லாம் அதிலேயே நடந்துவிடும், அதோடு பலர் நின்றும் விடுகிறார்கள். வீட்டுக்குள் பிள்ளையைத் தாலாட்டுவதும் சாவுக்கு அழுவதும் மால்தோவில். அந்த இரண்டாம் படியை ஏறாதவர் பத்து வருஷம் இருந்தாலும் விருந்தாளிதான். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது தமிழர்கள் போனது தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா தெலுங்கு கற்று, அங்கேயே 1912இல் பேராயர் ஆனார். சங்கம் அங்கே வேர்விட்டதில் அந்தத் தெலுங்குக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இதற்கான முன்பயிற்சிக்கு வேலூரைவிட வசதியான ஊர் கிடைக்காது. மேல்விஷாரம், வாணியம்பாடியில் உருது, குடியாத்தம் தாண்டினால் தெலுங்கு, ஜவ்வாது மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் தனி வழக்கு. காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் வேறு. மூன்று மாதம் அவர்களுக்கு மருந்துச் சீட்டுக்கும் ஓ.பி. வரிசைக்கும் துணையாக ஓடினாலே காது திறக்கும். ஆனால் நோயோடு வந்தவர்களிடம் போதிக்கப் போகாதீர்கள். அது நாகரிகமல்ல.

மூன்றாவது, பணித்தளத்தில் இருந்தபடியே படிப்பது. 1963இல் குவாத்தமாலாவில், குடும்பத்தையும் நிலத்தையும் விட்டு வர முடியாத ஊழியர்களுக்காகத் தொடங்கிய விரிவாக்க இறையியல் கல்வி, இந்தியாவுக்கு டாஃப்டீ என்ற பெயரில் 1971இல் வந்தது. பாடப் புத்தகத்தை வீட்டில் படித்து, வாரம் ஒருமுறை குழுவாகக் கூடி, வழிநடத்துநரோடு விவாதிக்க வேண்டும். படித்ததை மறுநாளே நடைமுறையில் சோதித்துப் பார்க்கலாம். சிக்கல், அந்தக் குழுதான். மலையில் தனியாக இருக்கும் தம்பதி யாரோடு கூடுவார்கள்? போனில் கூடலாம், சிக்னல் கிடைத்தால். குழு இல்லாமல் புத்தகம் மட்டும் போனால் மூன்றாம் பாடத்தோடு அலமாரிக்குப் போய்விடும்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. சபைகளின் ஸ்பான்சரில் சி.எம்.சி.யில் படித்தவர்கள் இரண்டு ஆண்டு தேவையுள்ள இடங்களில் பணி செய்கிறார்கள். படிப்பு அத்தோடு முடிவதில்லை. தூரத்தில் வேலை செய்யும் டாக்டர்களுக்காகவே குடும்ப மருத்துவத்தில் அஞ்சல்வழி டிப்ளமோ நடக்கிறது: வேலையை விடாமல் படிக்கலாம், நேர்முக வகுப்புக்கு மட்டும் வந்தால் போதும். மருத்துவருக்கு இது தேவையென்று ஒப்புக்கொள்ளும் நாம், மிஷனெரிக்கு மட்டும் ஒருமுறை படித்தால் ஆயுசுக்கும் போதும் என்று நினைக்கிறோம்.

ஒரு சாதாரண விசுவாசி தம்பதியை அனுப்பும் சபைக்கு என் சிபாரிசு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்ததுதான். ஓராண்டுப் பயிற்சி, பிறகு இரண்டு வருஷம் மொழியைத் தவிர வேறு பொறுப்பு கொடுக்காதீர்கள், அறிக்கையும் எண்ணிக்கையும் கேட்காதீர்கள், மூன்றாம் வருஷத்திலிருந்து விரிவாக்கப் படிப்பு. காணிக்கையில் ஒரு பகுதியை அதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

குருப்பட்டத்துக்குப் போகிறவருக்கு மட்டும் பி.டி. அவரையும் பிளஸ் டூ, டிகிரி, செமினரி என்று நேர்கோட்டில் ஓட்டாமல், ஒரு தவணை பணித்தளத்தில் இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அவர் மனைவிக்கும் ஒரு இடம் கேளுங்கள். கிராமத்துப் பெண்களிடம் பேசப் போகிறவர் அவர்தான், கமிட்டித் தீர்மானத்தில் பெரும்பாலும் அவர் பெயரே இருக்காது.