பூங்காவில் பழைய காசு தேட எந்த டிடெக்டர்?

மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆழம் போகும்?" பூங்காவில் தேடப் போகிறவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. அங்கே கைக்குச் சிக்கும் பழைய காசுகளில் பெரும்பாலானவை ஒரு சாண் ஆழத்துக்குள்தான் கிடக்கும். அவற்றைச் சுற்றிக் கிடக்கும் ஆணி, சோடா மூடி, டின் வளையம், மிட்டாய் சுற்றிய அலுமினியத் தாள் இவைதான் தொல்லை. இந்தக் குப்பைக்குள் காசைக் காட்டிக்கொடுக்கும் கருவி எது என்றுதான் நான் பார்ப்பேன்.

பல்ஸ் இண்டக்‌ஷன் வகையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மின்துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பி, அவை அடங்கும் வேகத்தை அளக்கும் கருவி அது. உப்புக் கடற்கரையிலும் தாதுச் செறிவுள்ள மண்ணிலும் கெட்டிக்காரன். ஆனால் ஆணிக்கும் காசுக்கும் வித்தியாசம் சொல்வதில் ரொம்ப பலவீனம். பூங்காவில் அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆணிதான் பொறுக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது வி.எல்.எஃப்., அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண் வகை. கருவியின் அடியில் தரையை ஒட்டி வீசும் தட்டுக்குள் இரண்டு சுருள். ஒன்று அனுப்பும், ஒன்று கேட்கும். உலோகத்திலிருந்து திரும்பும் சிக்னல் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்துத் திரையில் ஒரு எண் வரும். இரும்பு கீழே, வெள்ளியும் கனத்த செம்பும் மேலே. தகராறு நடுவில்தான். மெல்லிய தங்க மோதிரம், நிக்கல் கலந்த காசு, எர்மல் ஃப்ரேஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 1960-களில் பரவிய, கழற்றி எறியும் குளிர்பான டின் வளையம் எல்லாம் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். வளையம் வேண்டாம் என்று அந்த எண்ணுக்குக் கருவி ஒலிக்காதபடி செய்தால், மோதிரமும் அதோடு போச்சு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது.

இந்த வகைக்குள்தான் பெரிய சண்டை: ஒற்றை அதிர்வெண்ணா, பல அதிர்வெண்ணா? காரெட் நிறுவனத்தின் ஏஸ் 250 போன்றவை 6.5 கிலோஹெர்ட்ஸ் ஒன்றிலேயே ஓடும். குறைந்த அதிர்வெண் வெள்ளிக்கும் பெரிய செம்புக் காசுக்கும் ஒத்துவரும். மெல்லிய, சின்னப் பொருளை உயர்ந்த அதிர்வெண்தான் நன்றாகப் பிடிக்கும். 2018-இல் வந்த மைன்லேப் நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. அதனால் ஆழம் கூடினாலும் எண் அவ்வளவாகத் தடுமாறாது. ஆனால் சாதாரண மண்ணில் அதன் வெற்றிக்கு முழுக் காரணம் அது என்று நான் நம்பவில்லை. மைன்லேப் சாவரின் 1990-களிலேயே 17 அதிர்வெண்களோடு வந்தது. குப்பையில் அதை ஆமை வேகத்தில் வீச வேண்டும். 2009-இல் வந்த எக்ஸ்பி டியூஸ் ஒரு நேரத்தில் ஒரே அதிர்வெண்தான். இரும்புக் குப்பையில் புகுந்து விளையாடும். ஒரு சிக்னலிலிருந்து மீண்டு அடுத்ததைக் கேட்கும் வேகம்தான் இரண்டுக்கும் வித்தியாசம். பூங்காவில் தேடும் கருவிக்கு நான் பணம் கொடுப்பது இந்த வேகத்துக்குத்தான்.

1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் புதைந்த குண்டைத் தேட கிரகாம் பெல் ஒரு கருவியைக் கொண்டுபோனார். மெத்தையின் எஃகு ஸ்பிரிங்குகள் அதைக் குழப்பிவிட்டன. பூங்காவிலும் அதே கதைதான்.

அந்தக் குழப்பத்தைக் குறைக்க, புதுக் கருவியைவிட மலிவான வழி சின்ன காயில், அதாவது சுருள்கள் இருக்கும் அந்தத் தட்டு சின்னதாக இருப்பது. பதினொரு அங்குலத் தட்டின் அடியில் ஒரே நேரத்தில் நாலைந்து பொருள் வந்துவிடும். ஆறு அங்குலத்தில் ஒன்றோ இரண்டோ. ஒரு பெஞ்சின் பக்கத்தில் பெரிய தட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கரகரப்பு மட்டுமே கேட்டேன். சின்னதை மாட்டி அதே இடத்தில் மெதுவாக வீசினேன். கரகரப்புக்கு நடுவே ஒரு மெல்லிய 'டிங்', ஒரு திசையில் வீசும்போது மட்டும். தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசினால் சத்தமே இல்லை. புல்லை லாடம் போல மூன்று பக்கம் வெட்டி மடித்தேன். வளைந்த ஆணி ஒன்று, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பச்சைக் களிம்பேறிய செம்புக் காசு.

காயிலில் இன்னொரு தேர்வும் உண்டு. கான்சென்ட்ரிக் காயிலின் காந்தப் புலம் கூம்பு மாதிரி கீழே குறுகும். இடத்தைக் குறிப்பது சுலபம், சோடா மூடியிடம் ஏமாறுவதும் குறைவு. டபுள்-டி காயிலின் புலம் நடுவில் கத்தி போல நிற்கும்; தாது மண்ணில் நிதானம், நெருங்கிக் கிடப்பவற்றைப் பிரிப்பதிலும் கை ஓங்கியது. ஆனால் துருப்பிடித்த சோடா மூடி அதில் காசு போலவே பாடும். டபுள்-டி வைத்திருப்பவர் சந்தேகம் வந்தால் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துப் பார்க்கட்டும். முனை கடக்கும்போது மூடியின் ஒலி பெரும்பாலும் உடைந்து கரகரக்கும்.

ஆக, என் ஓட்டு: வேகமான மீட்சியுள்ள கருவி, ஆறு அங்குல டபுள்-டி காயில். கையில் ஏற்கெனவே பழைய ஒற்றை அதிர்வெண் கருவி இருந்தால் அதை விற்க வேண்டாம். சின்ன காயிலும், குழிக்குள் காசு இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டும் கையடக்கப் பின்பாயிண்டரும் மட்டும் வாங்குங்கள். பின்பாயிண்டர் இருந்தால் வெட்டும் குழி உள்ளங்கை அகலத்தோடு நிற்கும். புல்லைத் திரும்ப மூடி மிதித்துவிட்டால், தோண்ட அனுமதி கொடுத்தவர் அடுத்த முறையும் கொடுப்பார்.